முதலில் 100 கார்: சீனக் கார் கம்பெனி ஒரு புது நாட்டில் கால் வைக்கும் முறை

2021 ஜூனில் பி.ஒய்.டி. கம்பெனியின் 100 ‘டாங்’ மின்சாரக் கார்கள் சீனாவிலிருந்து நார்வேக்குக் கப்பலேறின. சீனாவுக்குள் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கார் விற்கும் கம்பெனி, ஐரோப்பாவுக்கு முதலில் அனுப்பியது வெறும் நூறுதான். அதன் பிறகு கணக்கு வேகமாக ஏறியது. 2022இல் அதன் வெளிநாட்டு விற்பனை சுமார் 56,000. 2023இல் 2.43 லட்சம், 2024இல் 4.17 லட்சம். 2025இல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது பாய்ச்சலாகத் தெரியும். நாடு நாடாகப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். ஒவ்வொரு நாட்டிலும் முதலில் சில நூறு கார், பிறகு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், பிறகு பாகங்களைக் கொண்டுபோய்ப் பூட்டும், அதாவது ஒன்றாகச் சேர்த்துக் காராக்கும், ஒரு கூடம், கடைசியாகத்தான் முழுத் தொழிற்சாலை. அடுத்த படிக்குப் போகும் முன் கம்பெனி கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இங்கே சரிப்பட்டு வராவிட்டால், போட்ட பணத்தில் எவ்வளவு திரும்ப எடுக்க முடியும்? கப்பலில் வந்த காரைப் பக்கத்து நாட்டுக்குத் திருப்பிவிடலாம். பெயிண்ட் ஷாப்பைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால், சீனக் கார் கம்பெனிகள் பற்றிய செய்திகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது

முதல் தலைமுறைச் சீனக் கம்பெனிகள் இப்படி நடந்துகொள்ளவில்லை. விலை குறைவு என்ற ஒன்றை நம்பி நேராகப் போனார்கள். 2005இல் ஜியாங்லிங் நிறுவனத்தின் லேண்ட்விண்ட் எஸ்.யு.வி. ஐரோப்பாவுக்கு வந்தது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் அதை மோதல் சோதனையில் வைத்தது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதியதும் டிரைவர் பகுதி நசுங்கிப்போனது. உள்ளே ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பது அவர்களின் முடிவு. 2007இல் பிரில்லியன்ஸ் பி.எஸ்.6 செடான் அதே சங்கத்தின் சோதனைக்குப் போய் ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கியது. அந்த வீடியோக்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின. அதற்குப் பிறகு நல்ல கார் கொண்டுவந்த சீனக் கம்பெனிகளும் பல ஆண்டுகள் அந்தக் கெட்ட பெயரைச் சுமக்க வேண்டியிருந்தது.

2012இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. கிரேட் வால், செரி என்ற இரண்டு சீனக் கம்பெனிகளின் வாகனங்களிலும் எஞ்சின் மற்றும் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டுகளில் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்புகள்) ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரியவந்தது. தூசியாகப் பறந்தால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார் அது. ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியிலிருந்தே ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை. சுமார் 23,000 வாகனங்களைத் திரும்ப அழைத்தார்கள். காரை ஓட்டுபவருக்கு அதனால் உடனடி ஆபத்து இல்லை. அதைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்குக்குத்தான் ஆபத்து. ஒரு கேஸ்கட்டின் விலை காரின் விலையில் தூசு. ஆனாலும் அது ஒரு பிராண்டையே உலுக்கிவிட்டது. சப்ளையர் தரும் பாகம் போகும் நாட்டின் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் வேண்டும் என்பதை இந்தக் கம்பெனிகள் கற்றுக்கொண்ட விதம் இதுதான்.

விற்கும் முன் தாண்ட வேண்டிய வாசல்

எந்த நாட்டிலும் கார் விற்பதற்கு முன் அந்த நாட்டின் அங்கீகாரம் வேண்டும். தொழிலில் ஹோமோலோகேஷன் என்பார்கள். பிரேக், விளக்கு, சீட் பெல்ட் பிணைப்பு, பேட்டரிப் பாதுகாப்பு, மெதுவாகப் போகும்போது பாதசாரிக்குக் கேட்கும்படி எழுப்ப வேண்டிய ஒலி என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் புது மாடல்களில் விபத்து நடந்தால் காரே அவசர உதவியை அழைக்கும் கருவி கட்டாயம். 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் சைபர் பாதுகாப்புச் சான்றும் கட்டாயம். ஓர் உறுப்பு நாட்டில் அங்கீகாரம் வாங்கிவிட்டால் மற்ற நாடுகளிலும் செல்லும் என்பது இதில் உள்ள பெரிய வசதி.

நார்வேயை முதலில் தேர்ந்தெடுத்த காரணம் இங்கே விளங்கும். அது ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் ஒன்றியத்தின் வாகன அங்கீகாரம் அங்கே செல்லும். கார்களுக்கு இறக்குமதி வரி கிடையாது. 2021இல் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு மின்சாரக் கார்கள். உள்நாட்டுக் கார் கம்பெனி எதுவும் இல்லாததால் எதிர்ப்புக் குரலும் இல்லை. போதாக்குறைக்குக் கடும் குளிர். பேட்டரி அங்கே தாக்குப்பிடித்தால் அதுவே விளம்பரம். சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான இடம் ஐரோப்பாவில் கிடையாது.

அங்கீகாரத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் பெரிய விஷயத்தில் இல்லை. 2022 அக்டோபரில் பி.ஒய்.டி.யின் ஆட்டோ 3 ஐரோப்பாவின் யூரோ என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் அதே கார் சிக்கிக்கொண்டது. காரணம், பின்சீட்டின் நடு இருக்கை. குழந்தைகளுக்கான தனி சீட்டின் தலைப்பகுதியிலிருந்து ஒரு பட்டை பின்னால் போய்க் கொக்கியில் மாட்டும். ஆஸ்திரேலிய விதிப்படி பின்வரிசையில் மூன்று இருக்கைக்கும் அந்தக் கொக்கி மாட்டும் இடம் இருக்க வேண்டும். ஆட்டோ 3இல் இரண்டு ஓரங்களுக்கு மட்டும் இருந்தது. வேறு நாடுகளில் அது போதும். அங்கே போதாது. டெலிவரியை நிறுத்தி, ஏற்கெனவே விற்ற கார்களிலும் அதைப் பொருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. சில ஆயிரம் கார்களோடு இது தெரியவந்ததால் சமாளித்தார்கள். ஒரு லட்சம் கார் சாலையில் ஓடும்போது தெரியவந்திருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும். முதல் தொகுப்பைச் சிறியதாக வைப்பதன் பயன் இதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. தாய்லாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, ஜப்பான், இந்தியா, இலங்கை எல்லாம் வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகள். சீனா இடப்பக்கம். டாஷ்போர்டு, ஸ்டீயரிங், வைப்பர், வயரிங் எல்லாவற்றையும் ஒரு முறை மாற்றி வடிவமைத்துவிட்டால் இத்தனை நாடுகளுக்கும் அது உதவும். அதனால்தான் ஒரு மாடல் இந்த நாடுகளில் அடுத்தடுத்து வந்து இறங்குகிறது.

முழுக் கார், பாதி பூட்டிய கார், பாகம் பாகமாகக் கார்

ஒரு காரை ஒரு நாட்டுக்குள் கொண்டுபோக மூன்று வழி. முழுக் காராகக் கப்பலில் இறக்குவது சி.பி.யு. பெரும் பகுதிகளைச் சீனாவிலேயே முடித்து அனுப்பி, அங்கே பூட்டி மட்டும் முடிப்பது எஸ்.கே.டி. பாகங்களாகப் பிரித்து அனுப்பி, பாடியை அங்கேயே வெல்டிங் செய்து, பெயிண்ட் அடித்து, பூட்டி முடிப்பது சி.கே.டி. இதற்கும் மேலே, தகடு அழுத்துவதிலிருந்து சீட் தைப்பது வரை பெரும்பகுதியை உள்ளூரிலேயே செய்யும் முழுத் தொழிற்சாலை.

எது எந்த வகை என்று முடிவு செய்வது கம்பெனி அல்ல, சுங்கச் சட்டம். இந்தியாவில் மின்சாரக் காரின் பேட்டரி பேக், மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் போன்றவை பூட்டப்படாமல் தனித்தனிப் பாகமாக வந்தால் குறைந்த வரி. அவற்றில் ஏதாவது ஒன்று முழுமையாகப் பூட்டிய நிலையில், ஆனால் சேஸியிலோ பாடியிலோ ஏற்றாமல் வந்தால் நடுத்தர வரி. முழுக் காருக்கு உச்ச வரி. 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு இந்த மூன்றும் முறையே 15%, 35%, 70% என்று இருந்தன. இந்த 70% என்பது 40,000 டாலருக்குக் கீழான காருக்கு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் இறங்கும்போது காரின் மதிப்பு 15 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாகங்களாக அனுப்பும் கிட்டின் மதிப்பு உண்மையில் சற்றுக் குறையும். எளிமைக்காக அதே மதிப்பையே எடுத்துக்கொள்வோம், மற்ற வரிகளையும் விட்டுவிடுவோம். முழுக் காருக்கு வரி 10.5 லட்சம். எஸ்.கே.டி. என்றால் 5.25 லட்சம். சி.கே.டி. என்றால் 2.25 லட்சம்.

பூட்டும் கூடம் அமைக்க 100 கோடி ஆகிறது என்றால், ஒரு காருக்கு மிச்சமாகும் 5.25 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். சுமார் 1,900 கார் விற்றாலே போட்ட பணம் வந்துவிடும். அடுத்து வெல்டிங் லைன், பெயிண்ட் ஷாப், பேட்டரி பேக் பூட்டும் லைன் என்று சி.கே.டி.க்குப் போக 1,200 கோடி ஆகிறது என்போம். இப்போது காருக்கு மிச்சமாவது இன்னொரு 3 லட்சம்தான். 40,000 கார் விற்றால்தான் கணக்கு நேராகும். முதல் படி இரண்டாயிரம் காரில் கட்டுப்படியாகிறது, இரண்டாவது படிக்கு இருபது மடங்கு வேண்டும். பல கம்பெனிகள் எஸ்.கே.டி.யோடு ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இதில் பெயிண்ட் ஷாப்தான் மலை. காரில் துருப்பிடிக்காமல் இருக்க பாடியை முழுதாக முக்கியெடுக்கும் தொட்டிகள், உலர்த்தும் அடுப்புகள், தூசி புகாத அறைகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். குறைவாக ஓட்டினாலும் அடுப்பைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும்.

மின்சாரக் காருக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பேட்டரி காருக்குள்ளேயே இருந்தால் அது கப்பலில் ஒரு வாகனமாகப் போகும். கிட்டோடு தனியாக அனுப்பினால் அது ஆபத்தான சரக்கு. ஐ.நா. விதிப்படி சோதனைச் சான்று, தனி பேக்கிங், தனி அடையாள எண் எல்லாம் வேண்டும். எஸ்.கே.டி. மலிவு என்று நினைத்துப் போகிறவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுவதுண்டு.

முதலில் பஸ்

பி.ஒய்.டி. பல நாடுகளில் காருக்குப் பல ஆண்டு முன்பே பஸ்ஸை அனுப்பியது. 2013 டிசம்பரில் லண்டனில் இரண்டே இரண்டு மின்சார பஸ்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லான்காஸ்டர் நகரில் ஒரு பஸ் தொழிற்சாலை. 2015இல் பிரேசிலின் காம்பினாஸ், 2017இல் ஹங்கேரியின் கோமாரோம். இந்தியாவிலும் ஓலெக்ட்ரா என்ற கூட்டாளியோடு பஸ்தான் முதலில் ஓடியது. கார் 2021 நவம்பரில் வந்தபோதும், இ6 என்ற மாடலைத் தனி ஆட்களுக்கு விற்காமல் டாக்சி நிறுவனங்களுக்கே விற்றார்கள்.

இந்த வரிசை தற்செயல் அல்ல. பஸ்ஸை வாங்குவது ஒரே வாடிக்கையாளர். அது தினமும் ஒரே தடத்தில் ஓடி, இரவு ஒரே டிப்போவுக்குத் திரும்பும். சார்ஜர் ஓரிடத்தில் போட்டால் போதும், மெக்கானிக் நான்கு பேர் போதும். பேட்டரி அந்த ஊரின் வெயிலில், ஏற்றத்தில், நெரிசலில் எப்படி நடந்துகொள்கிறது என்ற விவரம் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்குக் கிடைக்கும். பழுதானால் அது ஒரு டிப்போ மேனேஜருக்கும் கம்பெனிக்கும் இடையிலான விஷயம். தனி ஆள் வாங்கிய கார் நடுரோட்டில் நின்றால், மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஷோரூம் திறக்கும் முன் ஒரு நாட்டைப் படித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விற்பது யார்

புது நாட்டில் தானே கடை போடுவது செலவு. அதனால் அந்த ஊர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்பனை உரிமை கொடுப்பார்கள். அவர் காரை மொத்தமாக வாங்கி, ஷோரூம் போட்டு, விளம்பரம் செய்து, சர்வீஸும் பார்த்துக்கொள்வார். விற்காமல் தேங்கினால் பணம் முடங்குவது பெரும்பாலும் அவருக்குத்தான். பதிலுக்கு லாபத்தில் ஒரு பங்கும், விலை வைப்பதில் ஒரு பிடியும் அவருக்குப் போகும். தாய்லாந்தில் ரெவர், ஜெர்மனியில் ஹெடின், ஆஸ்திரேலியாவில் ஈவி டைரக்ட், இலங்கையில் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் கூட்டு நிறுவனம் என்று இப்படித்தான் தொடங்கினார்கள்.

சந்தை பிடித்துப்போனால் உரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்வது அடுத்த கட்டம். ஜெர்மனியில் ஹெடினின் பிரிவை 2024இல் பி.ஒய்.டி. வாங்கிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் விநியோகத்தைத் தானே எடுத்துக்கொண்டது. ஒரு கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டரை நீக்கித் தானே வருகிறது என்றால், அந்த நாட்டில் தங்குவதென்று தீர்மானித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் பக்கம் பெரும்பாலும் அடிவாங்குவது பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, சைடு மிரர் போன்ற மோதலில் உடையும் பாகங்களில்தான். மோட்டார், பேட்டரி எளிதில் பழுதாவதில்லை. அதனால் உதிரிப் பாகக் கிடங்கைச் சின்னதாக வைத்துவிடுகிறார்கள். ஒரு பம்பருக்காகக் கார் இரண்டு மாதம் ஒர்க் ஷாப்பில் நின்றால், இன்சூரன்ஸ் கம்பெனி அடுத்த ஆண்டு பிரீமியத்தை ஏற்றிவிடும். அதோடு பழைய காரின் மறுவிற்பனை விலையும் இறங்கும். கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சுழலில் சிக்கினால் மீள்வது கஷ்டம்.

தாய்லாந்து: கணக்கு எப்படிப் போகிறது

படிகள் எல்லாம் தெளிவாகத் தெரியும் நாடு தாய்லாந்து. சீனாவுக்கும் ஆசியான் நாடுகளுக்கும் இடையிலான ஒப்பந்தப்படி அங்கே மின்சாரக் கார்களை வரியில்லாமல் இறக்கலாம். 2022இல் தாய்லாந்து அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இறக்குமதி செய்து விற்கும் ஒவ்வொரு காருக்கும் 70,000 முதல் 1,50,000 பாட் வரை மானியம், கலால் வரி 8 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைப்பு. நிபந்தனை ஒன்று: 2022, 2023இல் இறக்கிய ஒவ்வொரு காருக்கும் 2024இல் தாய்லாந்திலேயே ஒரு கார் தயாரிக்க வேண்டும். 2025க்குத் தள்ளினால் ஒன்றுக்கு ஒன்றரை. அடுத்து வந்த திட்டத்தில் இது 2026இல் ஒன்றுக்கு இரண்டு, 2027இல் ஒன்றுக்கு மூன்று என்று ஏறியது.

அரசின் பார்வையில் இது நல்ல திட்டம். முதலில் சந்தையைத் திறந்துவிட்டு, பிறகு தொழிற்சாலையைக் கட்டவைக்கிறது. கம்பெனிக்கும் நல்லது. இரண்டு ஆண்டு விற்றுப் பார்த்துவிட்டுக் கட்டலாம். பி.ஒய்.டி. 2022 செப்டம்பரில் ரயோங்கில் இடம் வாங்கியது. 2024 ஜூலை 4 அன்று ஆண்டுக்கு 1.5 லட்சம் கார் தயாரிக்கும் தொழிற்சாலையைத் திறந்தது.

சிக்கல் எங்கே வந்தது? பல சீனக் கம்பெனிகள் ஒரே நேரத்தில் அதே நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தன. 2024இல் தாய்லாந்தில் குடும்பக் கடன் ஏறிப்போய், வங்கிகள் கார் லோனை மறுக்கத் தொடங்கின. மொத்த விற்பனை சரிந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையைத் தயாரித்தே ஆகவேண்டும். விளைவு, விலைப் போர். 2024 ஜூலையில் ஆட்டோ 3இன் விலையை டிஸ்ட்ரிபியூட்டர் 3,40,000 பாட் வரை குறைத்தார். சில மாதம் முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போய்ப் புகார் கொடுக்க, அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு விசாரணையில் இறங்கியது. பிறகு அரசே இறங்கிவந்து காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. ஏற்றுமதி செய்யும் கார்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. 2025 ஆகஸ்டில் ரயோங்கில் தயாரான டால்ஃபின் கார்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதன் பின்னணி இது.

பிரேசிலில் தவறிய அடி

முழுத் தொழிற்சாலை என்ற படியைக் குறைந்த செலவில் ஏற ஒரு வழி, யாரோ விட்டுப்போன தொழிற்சாலையை எடுத்துக்கொள்வது. இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) ஹாலோல் தொழிற்சாலையை 2017இல் சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. கம்பெனிக்குச் சொந்தமான எம்.ஜி. எடுத்தது. தாய்லாந்தில் ஜி.எம்.மின் ரயோங் தொழிற்சாலையை 2020இல் கிரேட் வால் எடுத்தது. பார்சிலோனாவில் நிஸான் விட்டுப்போன இடத்தில் செரி, உள்ளூர் கூட்டாளி எப்ரோவோடு நுழைந்தது. மின் இணைப்பு, கழிவுநீர் வசதி, பயிற்சி பெற்ற தொழிலாளர்கள், சுற்றிலும் சப்ளையர்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்.

பி.ஒய்.டி.யும் 2023 ஜூலையில் பிரேசிலின் பாயியா மாநிலத்தில், ஃபோர்டு 2021இல் மூடிய காமசாரி தொழிற்சாலை இருந்த இடத்தில் 300 கோடி பிரேசில் ரெயால் முதலீட்டை அறிவித்தது. அரசு மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி வரியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தது: 2024 ஜனவரியில் 10%, ஜூலையில் 18%, 2025 ஜூலையில் 25%, 2026 ஜூலையில் 35%. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் கம்பெனிகள் கப்பல் கப்பலாகக் கார்களை இறக்கித் துறைமுகங்களில் குவித்தன. வரி மிச்சம்தான். ஆனால் திறந்தவெளியில் மாதக்கணக்கில் நிற்கும் காரில் 12 வோல்ட் பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும், மாடல் பழசாகும். முடங்கிய பணத்துக்கு வட்டியும் ஓடும்.

அதைவிடப் பெரிய அடி 2024 டிசம்பரில் விழுந்தது. காமசாரி கட்டுமானத் தளத்தில் சீன ஒப்பந்ததாரர் கொண்டுவந்த 163 தொழிலாளர்கள் அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் வைக்கப்பட்டிருந்ததாகப் பிரேசில் தொழிலாளர் அதிகாரிகள் அறிவித்தார்கள். ஒப்பந்ததாரர் அதை மறுத்தார். பி.ஒய்.டி. அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. வேலை தள்ளிப்போய், முதல் கார் 2025 ஜூலையில்தான் பூட்டி வெளிவந்தது. சீனாவில் வேகமாகக் கட்டிப் பழகிய கட்டுமான முறையை அப்படியே தூக்கிப் போய் வேறொரு நாட்டுத் தொழிலாளர் சட்டத்துக்குள் இறக்கினால் இதுதான் நடக்கும். காரைச் சோதிக்கக் காட்டிய நிதானத்தில் கால்வாசியைக் கட்டுமான ஒப்பந்தத்தில் காட்டியிருக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடு எந்த விற்பனைக் கணக்கிலும் வராது.

தொழிற்சாலை திறந்த பிறகும் தகராறு ஓயவில்லை. பாதி பூட்டிய கார்களைக் கொண்டுவந்து முடிப்பதற்கு வரிச் சலுகை கேட்டது பி.ஒய்.டி. நாங்கள் இங்கே முழுதாகத் தயாரிக்கிறோம், அவர்களுக்கு ஏன் சலுகை என்று பழைய கம்பெனிகள் எதிர்த்தன. எஸ்.கே.டி. என்ற படி கம்பெனிக்கு எவ்வளவு பாதுகாப்போ, அந்த ஊர் வேலைவாய்ப்புக்கு அவ்வளவு குறைவு. எந்த நாட்டிலும் இந்த உரசல் வரும்.

கதவு பாதி மூடும்போது

ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் சீன அரசு தரும் மானியம் பற்றி விசாரணை தொடங்கி, 2024 அக்டோபர் 30 முதல் சீனாவில் தயாரான மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி போட்டது. வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் பி.ஒய்.டி.க்கு 17%, ஜீலிக்கு 18.8%, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3%. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். அரசு மானியம் எவ்வளவு பெற்றது, விசாரணைக்கு எவ்வளவு ஒத்துழைத்தது என்பதை வைத்துப் போட்டது இது.

பி.ஒய்.டி. மூன்று விதமாகப் பதில் சொன்னது. இந்த வரி முழு மின்சாரக் காருக்கு மட்டும் என்பதால், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் கார்களை முன்னால் தள்ளியது. ஹங்கேரியின் செகெட் நகரில் 2023 டிசம்பரில் அறிவித்த தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டே, 2024 ஜூலையில் துருக்கியோடு 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. துருக்கி சீனக் கார்களுக்கு 40% கூடுதல் வரி போட்டு, முதலீடு செய்பவர்களுக்கு விலக்கு வைத்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு அதற்குச் சுங்க உடன்பாடும் உண்டு. மூன்றாவது, கப்பல். எக்ஸ்ப்ளோரர் நம்பர் 1 என்ற 7,000 கார் ஏற்றும் கப்பல் 2024 ஜனவரியில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. கப்பல் கட்டணம் ஏறும்போது கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கப்பலை எந்த நாட்டுக்கும் திருப்பலாம் என்பதால், முதலீடு என்றாலும் முடங்காத முதலீடு.

இந்தக் காலத்தில் அமெரிக்காவில் கார் விற்க பி.ஒய்.டி. முயற்சி செய்யவில்லை. 2024 செப்டம்பரில் அங்கே சீன மின்சாரக் காருக்கு வரி 100% ஆனது. 2027 மாடல் ஆண்டிலிருந்து காரை இணையத்தோடு இணைக்கும் சீன மென்பொருளுக்கும் தடை. பஸ் தொழிற்சாலை இருக்கும் நாட்டிலேயே கார் விற்பதில்லை என்று ஒதுங்கியதும் கணக்குதான்.

இந்தியாவில் கதவு வேறு மாதிரி மூடியது. 2020 ஏப்ரலில் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயமானது. கிரேட் வால், புனே அருகே ஜி.எம்.மின் தலேகாவ் தொழிற்சாலையை வாங்கப் போட்ட ஒப்பந்தம் அனுமதி கிடைக்காமல் 2022இல் காலாவதியானது. பி.ஒய்.டி.யும் ஹைதராபாத்தின் மேகா நிறுவனமும் சேர்ந்து கொடுத்த 100 கோடி டாலர் திட்டம் 2023இல் நிராகரிக்கப்பட்டது. மீதி இருந்தது சென்னை அருகே ஸ்ரீபெரும்புதூரில் பி.ஒய்.டி.க்கு ஏற்கெனவே இருந்த இடம். அங்கே ஆட்டோ 3 போன்றவற்றை எஸ்.கே.டி. முறையில் பூட்டினார்கள். மேலே போட்ட கணக்கில் முதல் படியோடு நின்றுவிட்ட நிலை இது. இங்கே அடுத்த படிக்கு அனுமதியும் கிடைக்கவில்லை.

இலங்கையில் வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியதும் பி.ஒய்.டி. கார்கள் வரத் தொடங்கின. அங்கே மின்சாரக் காரின் கலால் வரி மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்தது. அறிவித்த திறன் சரியா என்ற சர்ச்சையில் அதே ஆண்டு பல கார்கள் சுங்கத்தில் நின்றன. ஒரே காரை நாட்டுக்கு நாடு வேறு மோட்டார் அளவில் விற்கும் கம்பெனிகளுக்கு இது நல்ல எச்சரிக்கை. வரி எதை வைத்துக் கணக்கிடப்படுகிறதோ, அதற்கான ஆவணம் காரைவிட முன்னால் வந்து சேர வேண்டும்.

ஜப்பானுக்கென்று ஒரு கார்

இத்தனை படிகளிலும் கம்பெனி எடுத்துப் போவது சீனாவுக்காக வடிவமைத்த காரைத்தான். ஒரு நாட்டுக்காகவே புதுக் கார் வடிவமைப்பது வேறு விஷயம். அதை வேறெங்கும் விற்க முடியாது. பி.ஒய்.டி. ஜப்பானில் 2023 ஜனவரியில் ஆட்டோ 3உடன் நுழைந்தது, விற்பனை சொற்பம்தான். அங்கே புதுக் கார்களில் கணிசமான பங்கு கே கார் எனப்படும் குட்டிக் கார்கள். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர் தாண்டக் கூடாது. இந்த அளவுக்குள் அடங்கினால் வரியும் பார்க்கிங் விதிகளும் தளரும். 2025 அக்டோபரில் டோக்கியோ வாகனக் கண்காட்சியில் பி.ஒய்.டி. ‘ராக்கோ’ என்ற கே காரைக் காட்டியது. பின்பக்கம் இரு புறமும் தள்ளித் திறக்கும் கதவு, 2026இல் விற்பனை என்று அறிவித்தார்கள். சுசுகி, டைஹாட்சு, ஹோண்டா எல்லாரும் பல பத்தாண்டுகள் ஊன்றி நிற்கும் இடம் அது. ஜப்பானிய வாடிக்கையாளர் சர்வீஸில் ஒரு நாள் தாமதத்தைக்கூடப் பொறுப்பதில்லை. இந்தக் கார் அங்கே விற்காவிட்டால், திருப்பி அனுப்ப இன்னொரு நாடு கிடையாது.